கலக்டோபூரெக்கோ: வீட்டில் செய்யப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மெல்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்க அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் அவரைக் 'கிரீயா' என்று கூப்பிடுவோம். பெண்களை மரியாதையாக அழைக்க கிரேக்கர்கள் வைத்திருக்கும் சொல் அது. நாங்கள் குடிவந்த வாரத்தில் ஒரு தட்டில் நாலு துண்டு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். மேலே அப்பளம் போல நொறுங்கியது, உள்ளே பால்கோவாவுக்கும் கேசரிக்கும் நடுவே ஏதோ ஒன்று. அதுதான் கலக்டோபூரெக்கோ. அவர் சமையலறையில் நின்று கற்றுக்கொண்டு, நாலு வருடமாகச் செய்கிறேன். முதல் மூன்று தடவை சரியாக வரவில்லை. பிறகு வரத் தொடங்கியதும் சொந்தக்காரர்களும் தோழிகளும் செய்முறை கேட்டார்கள், செய்துபார்த்துவிட்டு சந்தேகமும் கேட்டார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது என்ன மாதிரி இனிப்பு?

காகிதம் போல மெல்லிய மாவுத் தாள்களுக்கு ஃபிலோ என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் உருக்கிய வெண்ணெய் தடவி ஒரு தட்டில் அடுக்கி, நடுவில் ரவை போட்டுக் காய்ச்சிய பால் கஸ்டர்டை ஊற்றி, மேலேயும் தாள்களை அடுக்கி, அவனில் சுட்டு எடுத்து, சூட்டோடு சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். கிரேக்கத்தில் பாகு ஊற்றும் இனிப்புகளுக்கெல்லாம் பொதுவாக 'சிரோபியாஸ்தா' என்று பெயர். பக்லாவா, ரவை கேக்கான ரவனி, ஆரஞ்சு போட்டுச் செய்யும் போர்டொகாலோபிட்டா எல்லாம் அந்தக் குடும்பம். அதில் பாலும் முட்டையும் உள்ள பிள்ளை இது.

அங்கே யார் வீட்டுக்காவது போகும்போது வெறுங்கையோடு போக மாட்டார்கள். இனிப்புக் கடையில் ஒரு பெட்டி கட்டி வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அந்தப் பெட்டியில் இது அடிக்கடி இருக்கும்.

பெயரை எப்படிச் சொல்வது?

கலக்டோ-பூ-ரெக்கோ. 'பூ'வில் அழுத்தம் கொடுங்கள், போதும். 'கலா' என்றால் கிரேக்கத்தில் பால். 'பூரெக்கோ' துருக்கியர்களின் 'பொரெக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மாவுத் தாளில் எதையாவது வைத்துச் சுடும் பண்டம் எல்லாமே அவர்களுக்கு பொரெக். ஆக, பால் பொரெக். ஃபிலோ என்ற சொல்லுக்கோ கிரேக்கத்தில் 'இலை' என்று அர்த்தம். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

பெயரே பாதி துருக்கி என்றால் இது யாருடைய இனிப்பு?

ஒட்டோமான் ஆட்சிக்குள் பல நூறு வருடம் ஒன்றாக வாழ்ந்த மக்களின் சமையல் இது. கோடு போட்டுப் பிரிக்க முடியாது. துருக்கியில் கருங்கடல் கரையோரம், ரிசே பக்கத்தில், இதே போல தாளும் பால் கஸ்டர்டும் பாகும் சேர்ந்த ஓர் இனிப்பு உண்டு. அதன் பெயர் லாஸ் பொரெக். அதில் கஸ்டர்டுக்குள் கொஞ்சம் மிளகுத்தூள் போடுவார்கள். பாலில் மிளகு போட்டுக் குடித்து வளர்ந்த நமக்கு அது விசித்திரமாகத் தெரியாது.

1923இல் லோசான் ஒப்பந்தத்தை ஒட்டி கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. அந்தக் காலகட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இன்றைய துருக்கியில் உள்ள ஆசியா மைனரிலிருந்து வீடு வாசலை விட்டுவிட்டு கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையோடு வந்த சமையல் கிரேக்க நகரங்களின் இனிப்புக் கடைகளை மாற்றிப்போட்டது. தெசலோனிகி, செரஸ் ஊர்களின் புகழ்பெற்ற பூகாட்சா அப்படிப் பரவியதுதான்.

பூகாட்சாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பூகாட்சாவிலும் தாளும் ரவைக் கஸ்டர்டும் உண்டு. ஆனால் பாகு கிடையாது. சுட்டு எடுத்து, கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி, மேலே சர்க்கரைப் பொடியும் பட்டைப் பொடியும் தூவிக் காலைப் பலகாரமாகச் சாப்பிடுவார்கள். சீஸோ கொத்துக்கறியோ வைத்ததும் உண்டு.

எல்லாவற்றுக்கும் அளவு சொல்லுங்கள்.

20-க்கு 30 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் ஆழம் உள்ள தட்டுக்கு இது சரியாக வரும். பன்னிரண்டு துண்டு கிடைக்கும்.

கஸ்டர்டுக்கு: கொழுப்பு எடுக்காத பால் 1 லிட்டர், சன்ன ரவை 120 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 4, வெண்ணெய் 40 கிராம், வனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, ஓர் எலுமிச்சையின் தோலை மேலாகத் துருவியது, ஒரு சிட்டிகை உப்பு.

அடுக்குவதற்கு: ஃபிலோ தாள் 12, உருக்கித் தெளிய வைத்த வெண்ணெய் 150 கிராம்.

பாகுக்கு: சர்க்கரை 350 கிராம், தண்ணீர் 220 மில்லி, எலுமிச்சைத் தோல் இரண்டு கீற்று, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. விருப்பம் இருந்தால் ஒரு துண்டு பட்டை.

கிரீயாவின் தட்டு இதைப் போல இரண்டு மடங்கு. கிரேக்க வீடுகளில் 'டப்ஸி' என்று சொல்லும் பெரிய தகரத் தட்டு அது. பழகும் வரை சின்னத் தட்டே நல்லது.

எந்த ரவை?

உப்புமா ரவை வேண்டாம். கிரேக்கக் கடைகளில் ரவையைச் சன்னம், பரும்பு என்று இரண்டாகப் பிரித்து விற்பார்கள். கஸ்டர்டுக்குச் சன்னம், ஹல்வாவுக்குப் பரும்பு. நம் ஊர்க் கடைகளில் சிரோட்டி ரவை என்று கேட்டால் கிடைப்பது இதற்குச் சரியாக இருக்கும். கிடைக்கவில்லையென்றால் சாதாரண ரவையை மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சலித்துக்கொள்ளுங்கள். மாவாகிவிடக் கூடாது. நாக்கில் லேசாக ரவை தெரிய வேண்டும், அதுதான் இதன் குணம். சோளமாவு மட்டும் போட்டுச் செய்தால் வழவழவென்று வரும். கடையில் வாங்கும் கஸ்டர்ட் பவுடர் ருசி வந்துவிடும்.

வறுக்க வேண்டாம். கேசரிக்கு வறுத்துப் பழகிய கை தானாக வாணலியை எடுக்கும். இங்கே ரவை பாலிலேயே வெந்து, பாலின் வெள்ளையும் வாசனையும் மாறாமல் இருக்க வேண்டும்.

ஃபிலோ எங்கே கிடைக்கும்? சமோசா பட்டி போதாதா?

ஆஸ்திரேலியாவில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது. இந்தியாவில் பெரிய நகரங்களின் பெரிய கடைகளில் உறைபெட்டிப் பகுதியில் தேடுங்கள், ஆன்லைனிலும் வரும். பஃப் பேஸ்ட்ரி அல்ல. அது வெண்ணெயை உள்ளே மடித்து உப்ப வைக்கும் மாவு, பாகு ஊற்றினால் பஞ்சாகிவிடும். சமோசா பட்டி தடிப்பு, சுட்டால் கடினமாகும். வேறு வழியே இல்லையென்றால் கோதுமையில் செய்த மெல்லிய ஸ்பிரிங் ரோல் தாளை வைத்துச் செய்யலாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடுக்கடுக்காக உதிராது.

ஃபிலோ கிழிந்துபோகிறது, ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் அவசரமாக உருகவைத்ததுதான் காரணம். உறைந்த பாக்கெட்டை முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள். நேராக வெயிலில் வைத்தோ மைக்ரோவேவில் வைத்தோ உருக்கினால், வெளித்தாள் ஈரமாகி ஒட்டும், உள்தாள் உறைந்தபடியே இருந்து முறியும்.

பிரித்த பிறகு நேரம் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் போதும், ஓரம் காய்ந்து சருகாகும். அதனால் மற்ற எல்லா வேலையும் முடித்துவிட்டு, கஸ்டர்ட் ஆறி, வெண்ணெய் உருகி, தட்டு எதிரில் இருக்கும்போதுதான் பாக்கெட்டைத் திறக்க வேண்டும். தாள்களின் மேல் ஒரு உலர்ந்த துண்டு, அதன் மேல் பிழிந்த ஈரத் துண்டு. ஈரத் துணி நேராகத் தாளில் படக் கூடாது.

கிழிந்தால் கவலைப்படாதீர்கள். கிழிசலை நடுவில் போட்டு மறைத்து, முழுத் தாள்களை அடிக்கும் உச்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கிரீயா கிழிந்த துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி மாதிரி வரிசையாகப் பரப்பி மேலே வெண்ணெய் தடவுவார். வெந்த பிறகு எது ஒட்டு, எது முழுசு என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டிலேயே தாள் செய்யலாமா?

செய்யலாம். மைதா, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், ஒரு தேக்கரண்டி வினிகர், உப்பு. நன்றாகப் பிசைந்து ஊறவைத்து, சோளமாவு தூவி, கைத்தடி மாதிரி மெல்லிய நீளமான உருட்டுக்கட்டையில் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். பூகாட்சாக் கடைகளில் வேறு விதம். எண்ணெய் தடவிய மாவை மேசையில் வீசி வீசி விரிப்பார்கள். வீச்சு பரோட்டா போடும் மாஸ்டரைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காட்சி புதிதே அல்ல, மணிக்கட்டின் சுழற்சிகூட அதேதான். அந்தக் கை இருப்பவர்கள் முயன்று பாருங்கள். நான் தாளை வாங்கிக்கொள்கிறேன். நேரத்தைக் கஸ்டர்டிலும் பாகிலும் செலவழிப்பது லாபம்.

வெண்ணெயா, நெய்யா?

கடை வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரும் அடியில் படியும் வெள்ளைப் பால் கசடும் தாளில் பட்டால் தாள் ஈரமாகும், கசடு கருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் கிரேக்கர்கள் வெண்ணெயை உருக்கி, நுரையை எடுத்துவிட்டு, அடியில் இருப்பதை விட்டுவிட்டு நடுவில் தெளிந்ததை மட்டும் பயன்படுத்துவார்கள். படித்ததும் உங்களுக்குத் தோன்றுவது சரி, அது நெய்யின் தம்பிதான்.

நெய்யே போடலாமா என்றால், போடலாம். ஆனால் நம் நெய் சிவக்கக் காய்ச்சியது, வாசனை தூக்கலாக இருக்கும். முழுக்க நெய் போட்டுச் செய்தபோது மைசூர்பாகு வாசனை வந்து பாலின் வாசனையை அமுக்கிவிட்டது. எங்கள் வீட்டில் அதை யாரும் குறை சொல்லவில்லை. கிரீயா மட்டும் ஒரு வாய் சாப்பிட்டு, "நல்ல இனிப்பு, வேறு இனிப்பு" என்றார். இப்போது பாதி வெண்ணெய், பாதி நெய் என்று கலக்கிறேன். கிரேக்கத்தில் ஆட்டு வெண்ணெய் போடும் பழக்கமும் உண்டு. அதற்கும் கொஞ்சம் தூக்கலான மணம்தான்.

எண்ணெய் வேண்டாம்.

கஸ்டர்ட் காய்ச்சுவது எப்படி? எனக்குக் கட்டி தட்டுகிறது.

பால், பாதிச் சர்க்கரை, உப்பு மூன்றையும் அடி கனமான பாத்திரத்தில் சூடாக்குங்கள். கொதி வருவதற்குச் சற்று முன், ஓரத்தில் நுரை கட்டும்போது, ஒரு கையால் ரவையை மழைச்சாரல் மாதிரித் தூவிக்கொண்டே மறுகையால் விஸ்க் கொண்டு கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதான். நடுத்தரத் தீயில் ஆறேழு நிமிடத்தில் கெட்டியாகும். விஸ்க் போன தடம் ஒரு நொடி நின்று மறைய வேண்டும், பொங்கல் மாதிரி இறுகக் கூடாது.

அடுப்பை அணையுங்கள். முட்டையை மீதிச் சர்க்கரையோடு வெளுத்து நுரைக்கும் வரை அடித்து வைத்திருப்பீர்கள். அதில் சூடான கஸ்டர்ட் ஒரு கரண்டி விட்டுக் கலந்து, இன்னொரு கரண்டி விட்டுக் கலந்து, முட்டைக்குச் சூட்டைப் பழக்கிய பிறகு மொத்தத்தையும் பாத்திரத்தில் சேருங்கள். நேராகக் கொட்டினால் முட்டைப் பொரியல் இழைகள் வரும். பிறகு வெண்ணெய், வனிலா, எலுமிச்சைத் துருவல். மறுபடி அடுப்பில் வைக்க வேண்டாம், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்ளும்.

ஆறவிடும்போது அடிக்கடி கிளறுங்கள், இல்லாவிட்டால் ஆடை கட்டி அது பின்னால் கட்டியாகும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே தட்டில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் அடித்தாள்கள் வெந்து குழையும், முழுக்க ஆறினால் பரப்பவே வராது.

முட்டை வாடை வருமா?

இந்தப் பயம் நமக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். கிரேக்கர்களிடம் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, 'அவ்கூலிலா'. அவ்கோ என்றால் முட்டை. இனிப்பில் அந்த வாடை வந்துவிட்டால் செய்தவருக்கு அது பெரிய குறை. வனிலாவும் எலுமிச்சைத் தோலும் அதற்காகத்தான். முட்டை அறை வெப்பத்தில் இருக்கட்டும், சர்க்கரையோடு நன்றாக அடிபடட்டும், மீண்டும் கொதிக்க வேண்டாம். இவ்வளவு பார்த்தால் வராது. கியோஸ் தீவில் ஒரு மரத்தின் தண்டைக் கீறி எடுக்கும் மஸ்திகா என்ற பிசினையும் சிலர் சர்க்கரையோடு பொடித்துச் சிட்டிகை போடுவார்கள். அதன் பயிர்முறை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பைன் மரமும் சோம்பும் கலந்தது போன்ற வாசம். அதிகமானால் கசக்கும்.

ஏலக்காய் போடலாமா என்று ஐந்து பேராவது கேட்டிருக்கிறார்கள். முதல் தடவை போடாதீர்கள். அதன் சொந்த ருசி என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு உங்கள் விருப்பம்.

அடுக்கும் முறை?

தட்டுக்கு வெண்ணெய் தடவுங்கள். ஆறு தாள் அடியில். ஒவ்வொன்றும் ஓரத்தைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வெண்ணெய். தூரிகையால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தடவினால் தாள் கிழியாது. தாள் முழுக்க நனைய வேண்டும் என்பதில்லை, பரவலாகப் பட்டால் போதும். கஸ்டர்டை ஊற்றி மட்டமாக்குங்கள். தொங்கும் ஓரங்களை உள்ளே மடித்துப் போடுங்கள், கஸ்டர்ட் வெளியே வழியாமல் அது காக்கும். மேலே மீதி ஆறு தாள், தட்டின் அளவுக்கு. இந்த ஆறையும் பட்டுப் புடவை மடிப்பு மாதிரி இறுக்கி இழுக்காமல், லேசாகச் சுருங்கவிட்டுப் போட்டால் காற்று நிற்கும், நன்றாக நொறுங்கும்.

இப்போது கூர்மையான கத்தியால் மேல் தாள்களை மட்டும் துண்டுகளாகக் கீறிவிடுங்கள். கஸ்டர்ட் வரை போக வேண்டாம். சுட்ட பிறகு கீறினால் மேல் தாள் சில்லுச் சில்லாக உடையும். கடைசியாகக் கிரீயா செய்யும் ஒன்று: கிண்ணத்துத் தண்ணீரில் விரல் நுனிகளை நனைத்து மேலே தெளிப்பார், இஸ்திரி போடும் முன் காட்டன் புடவைக்குத் தெளிப்போமே அப்படி. தாள் சுருண்டு எழும்பாமல் இருக்க அது.

அவன் சூடு எவ்வளவு?

175 டிகிரி, மேலும் கீழும் சூடு, கீழ்த்தட்டு. 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். விசிறி ஓடும் அவனாக இருந்தால் 160. மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடாதீர்கள். மேல் சீக்கிரம் சிவக்கும், அடி பின்தங்கும். அதனால் கலர் ஆழ்ந்த தேன் நிறம் ஆகும் வரை விடுங்கள். மேல் மட்டும் அவசரப்பட்டால் தளர்வாக ஒரு ஃபாயில் போடலாம், அவனுக்குள் இருக்கும்போது மட்டும். கண்ணாடித் தட்டைவிட மெல்லிய உலோகத் தட்டில் அடி நன்றாக முறுகும். ஓடிஜி இருந்தால் தாராளம், கீழ்க்கம்பி எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகு எந்தப் பதம்?

குலாப் ஜாமுனுக்கு வைக்கிற பிசுபிசுப்புப் பதம். கம்பி வரக் கூடாது. சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைத் தோல், பட்டை எல்லாம் போட்டு, சர்க்கரை கரையும் வரை மட்டும் கலக்கி, கொதி வந்ததிலிருந்து ஐந்து நிமிடம். பிறகு கலக்கவே வேண்டாம். இறக்கும்போது சாறு. எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்துவிடுவதால் பாகு மறுநாள் பூத்துப்போகாது. கம்பிப் பதம் வந்துவிட்டால் அது தாளுக்குள் இறங்காமல் மேலேயே கண்ணாடி மாதிரி உறையும். அப்படியானால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு ஒரு கொதி விடுங்கள்.

எது சூடாக இருக்க வேண்டும், எது ஆறியிருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இனிப்பு சூடு, பாகு ஆறினது. இரண்டும் சூடாக இருக்கக் கூடாது.

என் முதல் தட்டு அப்படித்தான் போயிற்று. இனிப்பு அவனில் இருக்கும்போது பாகு காய்ச்சினேன், இரண்டும் ஒரே நேரத்தில் தயார். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து ஊற்றினேன். சூடான பாகு தண்ணீர் மாதிரி ஓடி எல்லாத் தாளையும் ஊடுருவிவிட்டது, எழும்பிய ஆவியும் சேர்ந்து தாள்களைக் குழைத்தது. போதாததற்கு, தோழி வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக மேலே ஃபாயில் போட்டு இறுக்கினேன். அங்கே போய்த் திறந்தபோது நனைந்த செய்தித்தாள் மாதிரி இருந்தது. ருசி இருந்தது, ஒரு சத்தம்கூட இல்லை. இந்த இனிப்புக்குச் சத்தம் வேண்டும். பல் பட்டதும் நொறுங்கி, அதற்கப்புறம் பால் வர வேண்டும். வெண்ணெயைத் தெளிய வைப்பது, தாளைத் தளர்வாகப் போடுவது, அடி முறுகக் காத்திருப்பது எல்லாமே அந்த ஒரு நொறுங்கலுக்காகத்தான்.

அதனால் பாகை முதலில் காய்ச்சி ஓரமாக வையுங்கள், அன்றைய வேலையில் அதுதான் ஆரம்பம். கிரீயா தட்டை அவனிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வைப்பார். உடனே ஒரு கரண்டி ஆறின பாகைக் கீறலின் மேல் நீளவாக்கில் விடுவார். 'சொய்ங்' என்று சத்தம் வரும். நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் அடுத்த கரண்டி, அடுத்த கீறல். நான் ஒரு தடவை கிண்ணத்தையே எடுத்துக் கவிழ்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'சிகா சிகா' என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். தாள் குடிக்கிற வேகத்தில்தான் நாம் ஊற்ற வேண்டும். மொத்தப் பாகும் இறங்கப் பத்து நிமிடம் பிடிக்கும்.

இனிப்பு முழுக்க ஆறிவிட்டதா? அப்படியானால் முறையை மாற்றிக்கொள்ளுங்கள், பாகைச் சூடாக்கி ஊற்றலாம். ஒன்று சூடு, ஒன்று ஆறல், அதுதான் கணக்கு. ஆனால் பால் கஸ்டர்ட் உள்ள இதற்கு முதல் முறையே நன்றாக வருகிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் அடி நமத்துப்போகிறது.

மூன்று சந்தேகம் எனக்கு உண்டு. கஸ்டர்ட் தளர்வாக இருந்து அவனில் தண்ணீர் விட்டிருக்கலாம், முட்டை சேர்க்கும் முன் அடுப்பில் இன்னும் இரண்டு நிமிடம் காய்ச்சிப் பாருங்கள். தட்டு அவனின் நடுவில் இருந்திருக்கலாம். அல்லது ஊற்றிய உடனே வெட்டியிருக்கலாம். குறைந்தது மூன்று மணி நேரம், மூடாமல், கம்பித் தட்டின் மேல் காற்றோட்டமாக வைத்தால் பாகும் கஸ்டர்டும் தத்தம் இடத்தில் நின்றுவிடும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

கஸ்டர்டில் 150 கிராமை 100 கிராமாகக் குறைக்கலாம், யாருக்கும் தெரியாது. பாகில் தண்ணீரை அப்படியே வைத்துச் சர்க்கரையை மட்டும் குறைத்தால் பாகு நீர்த்து தாளைக் குழைக்கும். பாகு குறைவாக வேண்டுமென்றால் பாகின் பதத்தை மாற்றாமல், கால் பங்கு ஊற்றாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முட்டை இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். ரவையை 140 கிராம் ஆக்கி, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துச் சேருங்கள். நன்றாக நிற்கும். முட்டை தரும் மஞ்சளும் மெத்தென்ற உப்பலும் இருக்காது, பால் ருசி கூடும். என் மாமியார் முட்டை சேர்க்க மாட்டார், அவருக்காக இப்படித்தான் செய்கிறேன்.

அவனே இல்லை. வேறு வழி?

இதை வாணலியில் செய்யப் பார்க்காதீர்கள். அதற்குப் பதில் கிரேக்க ரவை ஹல்வா செய்யுங்கள், அதுவும் தலைமுறை தலைமுறையாக வருவதுதான். கணக்கு எந்த கிரேக்க வீட்டிலும் மனப்பாடம்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரு கப் ஆலிவ் எண்ணெய், இரண்டு கப் பரும்பு ரவை, மூன்று கப் சர்க்கரை, நாலு கப் தண்ணீர். எண்ணெயில் ரவையைச் சிவக்க வறுத்து, பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய பாகைச் சூடாக ஊற்றி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும் வரை கிளறி, அச்சில் அழுத்திக் கவிழ்ப்பார்கள். பாலும் வெண்ணெயும் முட்டையும் கிடையாது, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் சாப்பிடுவது. ஊற்றும்போது தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கேசரி கிளறிய கைக்கு இது இருபது நிமிட வேலை.

எத்தனை நாள் வைக்கலாம்?

செய்த அன்றே ருசி. பாலும் முட்டையும் இருப்பதால், நன்றாக ஆறி வெட்டிப் பரிமாறிய பிறகு மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள், அதுவும் சென்னை வெயில் மாதிரி இடத்தில் தாமதிக்க வேண்டாம். மூன்று நாள் இருக்கும். ஃபிரிட்ஜில் மேல் தாள் தளர்ந்துவிடும். 150 டிகிரி அவனில் பத்து நிமிடம் வைத்தால் பாதி நொறுங்கல் திரும்பி வரும். மைக்ரோவேவில் வைத்தால் அதுவும் போய்விடும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், கஸ்டர்ட் திரிந்தது போல நீர் விடும்.

எப்படிப் பரிமாறுவது?

அறை வெப்பத்தில், அல்லது லேசான வெதுவெதுப்பில். பக்கத்தில் ஐஸ்கிரீம், கிரீம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் சர்க்கரை போடாத காபியும் போதும், அங்கே அப்படித்தான் தருகிறார்கள். முன்பே போட்ட கீறலின் வழியாகக் கத்தியை நேர் கீழே அழுத்துங்கள், ரம்பம் மாதிரி இழுக்காதீர்கள். முதல் துண்டு தட்டிலிருந்து முழுசாக வராது, அதன் ஓரம் உடையும். கிரீயா வீட்டில் அந்த உடைந்த துண்டு விருந்தாளிக்குப் போகாது. சமையலறையில் நின்று உதவி செய்தவர்களுக்கு அது, கையிலேயே கொடுத்துவிடுவார்.